வாசகர் கேள்வி: நிலத்தை விற்றுத்தான் மகனை நடக்க வைக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். இரண்டு கால்களும் விறைத்திருப்பதைப் பார்த்து, மூளை முடக்குவாதம் என்று மருத்துவர் கூறினார். இரண்டு வயது முடிவதற்குள் பிடிமானமின்றி உட்கார்ந்துவிட்டான். பேச்சும் தெளிவாக வருகிறது. ஆனால் இன்னும் நிற்கவில்லை. தனியார் மையத்தில் ஒரு முறை பிசியோதெரபிக்கு 500 ரூபாய். வாரம் ஐந்து நாள் அழைத்துச் செல்கிறோம். கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். சம்பளத்தில் பாதிக்கு மேல் இதற்கே போகிறது. இப்போது ஓரிடத்தில், ஸ்டெம்செல் ஊசி போட்டால் நடந்துவிடுவான் என்று சில லட்சங்கள் கேட்கிறார்கள். மாமனார் பெயரிலுள்ள நிலத்தை விற்கலாமா?
– ஒரு வாசகி, திருச்செங்கோடு.

பதில்: விற்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யப்படும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, ஸ்டெம்செல்லை (பல வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்லை) முறையாக அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது. 'இது ஆய்வுதான்' என்று அவர்கள் சொன்னால், ஆய்வில் சேருபவரிடம் எதற்காகக் கட்டணம் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்குள் தானாக உட்கார்ந்த குழந்தைகளில் பெரும்பாலோர், வாக்கரின் துணையோடாவது, பிற்காலத்தில் நடக்கிறார்கள் என்பதே மருத்துவ அனுபவம். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மேலும் வளர்வதில்லை. அதை அழிக்கவும் இயலாது. சிகிச்சை என்பது இருக்கும் திறனைக் கொண்டு அன்றாட வேலைகளைச் செய்யக் கற்றுக்கொடுப்பதுதான். எனவே எத்தனை நாள் பணம் கட்டிப் போகிறீர்கள் என்பதைவிட, அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். குழந்தையைப் படுக்க வைத்து, அவன் அழ அழக் காலை இழுத்துவிட்டு அனுப்புவது மட்டுமே நடக்கிறது என்றால், அதற்கு மாதம் பதினோராயிரம் ரூபாய் கொடுப்பது வீண். அடுத்த மூன்று மாதத்தில் அவன் எதைச் செய்யப் பழக வேண்டும் என்பதைத் தெரபிஸ்ட்டிடம் எழுதி வாங்குங்கள். கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்பது, ஸ்டூலில் உட்கார்ந்து தானே டவுசர் போடுவது போன்றவையாக அவை இருக்கட்டும். வீட்டில் செய்ய வேண்டியதை உங்களுக்குக் கற்றுத் தரச் சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய்வருவது பல குடும்பங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை நிறைய உண்டு. நம் ஊர் அம்மாக்கள் இடுப்பில் தூக்கி வைப்பதைப் போல, கால்கள் இருபுறமும் விரிந்திருக்கத் தூக்குங்கள். கத்தரிபோல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் கால்களுக்கு இதைவிட எளிய பயிற்சி இல்லை. உடை மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துப் பிரிக்க முயன்றால் விறைப்பு கூடும். முதலில் முழங்காலை மடக்கி, பிறகு தொடைகளை மெதுவாக விரிக்க வேண்டும். பாட்டி கட்டிலில் உட்கார்ந்து பூக்கட்டும்போது, அவனை அருகில் தரையில் நிற்க வைத்து, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி ஒவ்வொரு பூவாக எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம். மையத்தில் அரை மணி நேரம் நிற்க மறுக்கும் குழந்தை, இப்படியொரு வேலை இருந்தால் தன்னை மறந்து நிற்பான். (எண்ணெய் தேய்த்து விடுவதைப் பெரியவர்கள் விரும்பினால் தடுக்காதீர்கள்; அது இதமளிக்கும், ஆனால் நடக்க வைக்காது.)

இனி பணத்தைப் பற்றி. முதலில் அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி சான்றிதழும், நாடு முழுவதும் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி அட்டையும் பெறுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மதிப்பிடப்பட்டால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். 'ஊருக்குத் தெரிந்துவிடும்' என்று பலர் இதைத் தள்ளிப்போடுவதால் குழந்தைக்கு உரியதெல்லாம் தள்ளிப்போகிறது. சான்றிதழ் கிடைத்ததும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிரமயா காப்பீட்டில் சேருங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு 250, மற்றவருக்கு 500 ரூபாய் கட்டணத்தில், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தொடர் தெரபிச் செலவும் இதில் அடங்கும் என்றாலும் அதற்குத் தனி உச்சவரம்பு இருக்கிறது. முதலில் நீங்கள் செலவழித்து, பிறகு கேட்டுப் பெற வேண்டும் என்பதால், எந்த ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இலவசமாகத் தெரபி கிடைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம். பிசியோதெரபிஸ்ட், குழந்தை மருத்துவர் முதலியோரை ஒரே இடத்தில் பார்க்கலாம். மற்றொன்று, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையம். பள்ளியில் சேராத குழந்தைகளையும் அங்கே பார்க்கிறார்கள் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. காலிபர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி), வாக்கர் போன்றவற்றுக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பாதிப்பு கடுமையானது என்று சான்றிதழில் மதிப்பிடப்பட்டால், மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

பெற்றோர் பலரும் விட்டுவிடும் ஒன்று இடுப்பு எக்ஸ்ரே. விறைப்புள்ள குழந்தைகளுக்குத் தொடை எலும்பு மூட்டிலிருந்து சிறிது சிறிதாக விலகலாம். தொடக்கத்தில் வலி இராது, வெளியிலும் தெரியாது. இதுவரை எடுக்கவில்லை என்றால், அடுத்த முறை செல்லும்போது எலும்பு மருத்துவரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள். மறுபடி எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் சீட்டிலேயே குறித்து வாங்குங்கள்.