வெள்ளைத் திரையில் நீலம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: பிரெஞ்சுப் பெண் ஓவியர் பெர்த் மொரிசோ வரைந்த ‘தொட்டில்’ ஓவியத்தின் அச்சுப்படி எங்கள் வீட்டில் இருக்கிறது. தொட்டிலின் மேல் தொங்கும் வெள்ளைத் திரையை உற்றுப் பார்த்தால் நீலமும் சாம்பலுமாகத் தெரிகிறது. அச்சுக் கோளாறா? அருகே கன்னத்தில் கை வைத்து அமர்ந்திருக்கும் தாய் வருத்தத்தில் இருக்கிறாரா?
- வாசகி, சென்னிமலை

பதில்: அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம். தறியோடு பழகிய ஊர்க்காரரான உங்களுக்கு இதை விளக்குவது எளிது. துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைக் காலை பத்து மணி வாக்கில் வாசல் கொடியில் போட்டுவிட்டு, வெயில் நேராகப் படாத மடிப்புகளை மட்டும் பாருங்கள். (சொட்டு நீலம் போட்ட வேட்டி வேண்டாம், சோதனை பாழாகிவிடும்.) அந்த மடிப்புகளுக்கு ஒளி தருவது நீல வானமே என்பதால் நிழல் நீலம் பாரித்திருக்கும், கீழ்க்கரையில் செம்மண் வாசலிலிருந்து எழும் ஒளி பட்டு லேசான செம்மை ஏறியிருக்கும். வேட்டி வெள்ளை என்று மனம் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுவதால் இவை கண்ணில் பட்டும் கருத்தில் பதிவதில்லை. நிழலுக்குக் கறுப்பைக் குழைக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, கண்ட நிறத்தையே தீட்டியவர்கள் இம்ப்ரெஷனிச ஓவியர்கள்; மொரிசோவும் அவர்களில் ஒருவர். 1872-இல் வரையப்பட்டு, 1874-இல் பாரிஸில் நடந்த அவர்களுடைய முதல் கண்காட்சியில் இடம்பெற்ற இந்த ஓவியம் இப்போது அந்நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அமர்ந்திருப்பவர் மொரிசோவின் அக்காள் எட்மா. உறங்குவது அவர் மகள் பிளான்ஷ். தங்கையோடு சேர்ந்து ஓவியம் பயின்ற எட்மா, 1869-இல் ஒரு கடற்படை அதிகாரியை மணந்தபின் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார் என்பதால், அந்த முகத்தில் ஏக்கத்தைக் காண்பவர்கள் உண்டு. கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்த நமக்கோ அது துக்கமாகவே தோன்றும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். குழந்தையின் கையும் அதேபோல் முகத்தருகே மடங்கியிருப்பதைக் கவனியுங்கள்; தாயின் கை அதற்கு எதிரொலி. மேலும், மிகுந்த ஒளி தாயின் முகத்தில் அன்று, திரையில்தான் விழுகிறது. அவருடைய கருநிற உடை அதை இன்னும் வெளிச்சமாக்குகிறது. திரைக்குள் குழந்தை மங்கலாகவும், வெளியே தாய் தெளிவாகவும் தெரிவதால், நம் கண் அவரிடம் தொடங்கி, அவர் பார்வையைப் பிடித்துக்கொண்டே சரிவாகக் குழந்தையிடம் இறங்குகிறது. எனக்கு அந்த முகத்தில் தெரிவது, குழந்தை இப்போதுதான் உறங்கியது என்ற அசதியும், எழுந்துவிடக் கூடாதே என்ற கவனமுமே. அவருடைய மற்றொரு கை இன்னும் திரையின் ஓரத்தை விடவில்லை.