யுக்கா பூக்குது, ஆனா ஏன் காய்க்க மாட்டேங்குது?

நர்சரில வாங்கி வாசல்ல வெச்ச யுக்கா கொத்துக் கொத்தா பூக்குது, ஒரு காய் கூட புடிக்கல, உரம் பத்தலையான்னு கேட்டிருக்கீங்க. உரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. யுக்காவுக்கு மகரந்தம் சேர்க்கிற அந்துப்பூச்சி உங்க ஊர்ல இல்ல, அதான் விஷயம்.

நான் இருக்கிறது அமெரிக்காவோட ஓக்லஹோமா மாநிலத்துல. இங்க சுண்ணாம்புப் பாறை துருத்திக்கிட்டு நிக்கிற பிரெய்ரி புல்வெளில ஆர்கன்சாஸ் யுக்கான்னு ஒரு குட்டி வகை தானா முளைச்சுக் கெடக்கும். 1902ல வில்லியம் ட்ரெலீஸ்ங்கிற தாவரவியலாளர் பேர் வெச்சது. மரமாவே வளர்ற ஜோஷுவா மரமும் யுக்காதான், ஆனா இதோட இலைக்கொத்து முழங்கால் உயரம் வந்தாலே பெருசு. இலை விறைப்பா குத்தாது, வளைஞ்சு குடுக்கும், ஓரத்துல வெள்ளைக்கோடு, அதுலேர்ந்து நூல் நூலா பிரிஞ்சு சுருண்டு நிக்கும்.

மே மாசம் வாக்குல பூக்கும். இருட்டினப்புறம் டார்ச் அடிச்சு, தொங்குற பூவுக்குள்ள எட்டிப் பாருங்க, பூ கலர்லயே ஒரு வெள்ளை அந்துப்பூச்சி ஒட்டிக்கிட்டிருக்கும். பொண்ணு பூச்சிக்கு வாய்கிட்ட சுருண்ட கை மாதிரி ஒண்ணு இருக்கு, அதால மகரந்தத்தைச் சுரண்டி உருண்டை புடிச்சு, தலைக்கடியில இடுக்கிக்கிட்டு வேற பூவுக்குப் பறந்து, சூற்பைக்குள்ள (பின்னால காயா மாறுற பகுதி) முட்டைய வெச்சுட்டு, அப்புறம் மேல ஏறி சூல்முடில, அதாவது மகரந்தத்தை ஏத்துக்கிற நுனில, இருக்கிற குழிக்குள்ள மகரந்தத்தைத் திணிக்கும். தற்செயலா ஒட்டிக்கிட்டுப் போறதில்ல, வேணும்னே செய்யுது! இத்தனைக்கும் வளர்ந்த பூச்சி எதையும் திங்கறதில்ல, எல்லாம் புழுவுக்காக. புழு கொஞ்சம் விதைய தின்னும், மிச்சம் செடிக்கு. ஒரே பூவுல முட்டைய அள்ளிக் கொட்டினா செடி பல நேரம் அந்தப் பூவையே உதிர்த்துடும், கறார் பார்ட்டி.

அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல இருந்த தாவரவியலாளர் ஏங்கல்மேனும் பூச்சியியலாளர் ரைலியும் 1870கள்ல இதை வெளில சொன்னாங்க, டார்வினே அசந்துபோய் நண்பர் ஹூக்கருக்கு லெட்டர் போட்டார்.

யுக்கா அலோய்ஃபோலியாங்கிற வகை மட்டும் இந்தப் பூச்சி இல்லாமலும் காய்க்கும். உங்களுது வேற வகைன்னா நீங்கதான் பூச்சி வேலைய பாக்கணும். சாயங்காலம் பூ விரிஞ்சதும் வேற செடியோட பூவுலேர்ந்து பல்குத்தி முனைல மகரந்தத்தை எடுத்து சூல்முடி குழிக்குள்ள அழுத்தி வெச்சு விடுங்க, மேலாப்புல தடவினா பத்தாது. ஒரே செடி பூவுக்குள்ளயே மாத்தினா காய் புடிக்கிறது கம்மி, பக்கத்து வீட்டுல யுக்கா இருக்கான்னு கேட்டுப் பாருங்க.