கான்ஃபரன்ஸுக்கு பேப்பர் அனுப்பப் போறீங்களா? டெல்டா பக்கத்துலேருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பைனல் இயர் ப்ராஜெக்ட் முடியுற நேரம்ங்கிறதால இந்த தடவை கேள்வி பூரா டெக்னாலஜி கான்ஃபரன்ஸ் பத்தியே வந்திருக்கு. எல்லாத்துக்கும் இங்கயே பதில் போட்டுடுறேன்.

அண்ணா, நெல் இலை நோயை போட்டோ வச்சு கண்டுபிடிக்கிற ப்ராஜெக்ட், 98 சதவீதம் அக்யூரசி வருது, ஆனா அனுப்புற இடமெல்லாம் ரிஜெக்ட் ஆகுது. ஏன்? (மன்னார்குடி)

தம்பி, நீங்க அனுப்பின அப்ஸ்ட்ராக்ட்டை (பேப்பர் தொடக்கத்துல வர்ற சுருக்கம்) முழுசா படிச்சேன். முதல் நாலு வரியும் விவசாயம் நாட்டோட முதுகெலும்பு, டெல்டா நெற்களஞ்சியம்னே போகுது, நீங்க என்ன செஞ்சீங்கங்கிறது அஞ்சாவது வரியிலதான் வருது. ஐட்ரிபிள்ஈ (IEEE, இன்ஜினியர்களோட உலக அமைப்பு) டெம்ப்ளேட்ல அப்ஸ்ட்ராக்ட்டுக்கு மிஞ்சிப்போனா 250 வார்த்தை, ஒரே பத்தி, அதுக்குள்ள ரெஃபரன்ஸ் நம்பர்கூட வரக்கூடாது, அந்த இடத்துல நெற்களஞ்சியத்துக்கு எங்க இடம் இருக்கு சொல்லுங்க.

அதைவிட முக்கியம் அந்த 98. ரிவ்யூ பண்றவங்க அந்த நம்பரைப் பாத்ததும் முதல்ல தேடுறது, ட்ரெயினிங்குக்கும் (மாடலுக்குக் கத்துக்குடுக்க) டெஸ்டிங்குக்கும் (அதைச் சோதிக்க) போட்டோவை எப்படி பிரிச்சீங்கன்னு. ஒரே செடியை நாலு பக்கத்துலேருந்து எடுத்துட்டு அதுல மூணு ட்ரெயினிங்லயும் ஒண்ணு டெஸ்டிங்லயும் போயிருந்துச்சுன்னா மாடல் அந்த செடியைத்தான் மனப்பாடம் பண்ணியிருக்கும், நோயைக் கத்துக்கிட்டிருக்காது. வயல் வயலா பிரிங்க. கோட்டூர் பக்கம் எடுத்ததுல ட்ரெயின் பண்ணி நீடாமங்கலம் பக்கம் எடுத்ததுல டெஸ்ட் பண்ணிப் பாருங்க, நம்பர் நல்லாவே இறங்கும், இறங்கட்டும், இறங்கின நம்பரை அப்படியே எழுதுங்க, அதுக்குத்தான் மதிப்பு. அப்புறம் எந்த போட்டோ எந்த நோய்னு லேபிள் யார் போட்டாங்கன்னு ஒரு வார்த்தைகூட இல்ல. குலைநோயும் செம்புள்ளியும் ஆரம்பத்துல நம்ம கண்ணையே ஏமாத்தும், அதனால ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துலயோ உங்க வட்டார வேளாண் அலுவலர்கிட்டயோ காட்டி சரிபாத்துட்டு அதையும் ஒரு வரி எழுதுங்க.

முதல் வரியை இப்படி ஆரம்பிச்சுப் பாருங்க: "மன்னார்குடி வட்டாரத்துல சம்பா பயிர்ல நாங்களே மொபைல்ல எடுத்த போட்டோக்களை வச்சு குலைநோயையும் செம்புள்ளியையும் பிரிக்கிற மாடலை, ட்ரெயினிங்ல இல்லாத வயல்கள்ல சோதிச்சோம்." இத படிச்சதுமே என்ன வேலைன்னு தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, நீங்க அனுப்பின இடம் டபுள் பிளைண்ட் ரிவ்யூ, அதாவது எழுதினவங்களுக்கும் ரிவ்யூ பண்றவங்களுக்கும் ஒருத்தரை ஒருத்தர் யாருன்னு தெரியக்கூடாது. ஊர் பேரு இருக்கலாம், ஆனா காலேஜ் பேரு, நன்றி சொல்ற பகுதி, உங்க பேர்ல இருக்கிற கிட்ஹப் லிங்க், பிடிஎஃப் ப்ராப்பர்ட்டீஸ்ல வர்ற ஆத்தர் பேரு இதெல்லாம் போகணும். உங்க ஃபைல் பேர்லயே ரோல் நம்பர் இருந்துச்சு, மாத்திடுங்க.

சார், ஓரல் கேட்டோம், போஸ்டர்னு அக்செப்ட் பண்ணியிருக்காங்க. கைடு வேண்டாங்கிறாரு. போகலாமா? (மயிலாடுதுறை)

கண்டிப்பா போங்கம்மா. ஓரல்னா பொதுவா 12 நிமிஷம் பேச்சு 3 நிமிஷம் கேள்வி, ஹால்ல பாதிப் பேர் அவங்கவங்க ஸ்லைடைத் திருத்திக்கிட்டு இருப்பாங்க. போஸ்டர்ல விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் உங்க முன்னாடி நின்னு கால் மணி நேரம் கேள்வி கேப்பாரு, பாதி முடிஞ்ச வேலைக்கு அதைவிட நல்லது கிடையாது. ப்ரொசீடிங்ஸ்ல (கான்ஃபரன்ஸ் பேப்பர்களோட தொகுப்பு) போஸ்டர் பேப்பரும் வருமாங்கிறதை மட்டும் மெயில் போட்டு கேட்டுக்குங்க, இது இடத்துக்கு இடம் மாறும், உங்க கைடோட கவலையும் அதுவாத்தான் இருக்கும்.

பிரிண்ட் விஷயத்துல ஜாக்கிரதை. அவங்க கேக்குறது ஏ0, அதாவது 841க்கு 1189 மில்லிமீட்டர். நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் கடையில அடிக்கணக்குதான், "மூணுக்கு நாலு போட்டுடலாம் சார்"ம்பாங்க, தலையாட்டிட்டு வந்தீங்கன்னா படத்தை இழுத்து அடிச்சிடுவாங்க, கிராஃப்ல இருக்கிற வட்டமெல்லாம் முட்டையாயிடும். மில்லிமீட்டர் அளவை பேப்பர்ல எழுதிக் குடுங்க, ஃபைலை பிடிஎஃப்பா குடுங்க, கோரல் டிசைன் சாஃப்ட்வேர்ல திறந்து திருத்த விடாதீங்க. நிக்க வைக்கிற போர்டா படுக்க வைக்கிற போர்டான்னும் முன்னாடியே கேளுங்க. பளபளப்பு ஃப்ளெக்ஸ்ல லைட் பட்டா எழுத்தே தெரியாது, மேட் பேப்பர் கிடைச்சா அதுல அடிங்க.

ஓலைச்சுவடி எழுத்தை கம்ப்யூட்டர் படிக்கிற வேலை செய்றேன். டெமோவா குடுக்கலாமா? பேப்பர்ல தமிழ் எழுத்து உடையுது. (தஞ்சாவூர்)

ஓட்டிக் காட்ட முடியுற அளவுக்கு இருந்தா டெமோதான் சரியான வழி. டெமோ புரோபோசல்ல ரெண்டு பக்க விளக்கம், ஒரு சின்ன வீடியோ, மேசை, பிளக் பாயிண்ட், இன்டர்நெட் என்னென்ன வேணும்னு கேப்பாங்க. இன்டர்நெட் இல்லாமலே ஓடுற மாதிரி தயார் பண்ணிட்டு, வேண்டாம்னே எழுதுங்க. சரஸ்வதி மகால் சுவடிப் படத்தைப் பயன்படுத்தியிருந்தா எழுத்து மூலமா அனுமதி வாங்குங்க, வாய்மொழியா சொன்னாங்கங்கிறது ப்ரொசீடிங்ஸுக்கு செல்லாது.

எழுத்து உடையறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். பழைய பாமினி ஃபாண்ட்ல டைப் பண்ணியிருந்தா முதல்ல யூனிகோடுக்கு மாத்திடுங்க. ஓவர்லீஃப்ல (ஆன்லைன்ல லேடெக் வச்சு பேப்பர் எழுதுற சைட்) எழுதுறீங்கன்னா கம்பைலர் பிடிஎஃப்லேடெக்ல இருக்கும், அதை எக்ஸ்இலேடெக்னு மாத்தி ஒரு தமிழ் யூனிகோடு ஃபாண்ட்டை குறிப்பிட்டா கொம்பும் காலும் இடத்துல வந்து உக்காந்திடும். அவங்க டெம்ப்ளேட் அதை ஏத்துக்கலைன்னா தமிழ் வரிகளை மட்டும் படமா வச்சிடுங்க. கடைசியா பிடிஎஃப்ல எல்லா ஃபாண்ட்டும் எம்பெட் ஆகியிருக்கான்னு (ஃபைலுக்குள்ளயே சேந்திருக்கான்னு) பாக்காம கேமரா ரெடி காப்பி, அதாவது அச்சுக்குப் போற கடைசி காப்பி, அனுப்பாதீங்க.

டெட்லைன்ல ஏஓஈன்னு போட்டிருக்கே? (வேதாரண்யம்)

ஏஓஈன்னா எனிவேர் ஆன் எர்த், அதாவது உலகத்துல எந்த மூலையிலயாவது அந்தத் தேதி பாக்கியிருக்கிற வரைக்கும் டைம் உண்டு. நமக்கு அடுத்த நாள் சாயங்காலம் 5.29 வரைக்கும். ஆனா மழை மாசத்துல உங்க பக்கம் கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும், அதனால இருக்கிற ட்ராஃப்ட்டை முன்னாடியே ஏத்திடுங்க. ஈஸிசேர், சிஎம்டி மாதிரி பேப்பர் ஏத்துற சைட்ல பொதுவா டெட்லைன் வரைக்கும் மாத்திக்கிட்டே இருக்கலாம்.

ரெண்டே நாள்ல அக்செப்ட் பண்ணிட்டாங்க, 9,000 ரூபா கட்டச் சொல்றாங்க, ஸ்கோபஸ்ல (ஆய்வுப் பேப்பர்களோட பட்டியல்) வர்றது நிச்சயம்ங்கிறாங்க. (திருவாரூர்)

கட்டாதீங்க. ரெண்டு நாள்ல யாரும் உங்க பேப்பரை ரிவ்யூ பண்ணியிருக்க முடியாது. ரிவ்யூவர் கமெண்ட் கேளுங்க, தரமாட்டாங்க. மெக்கானிக்கல்லேருந்து மேனேஜ்மென்ட் வரைக்கும் எல்லா தலைப்பும் ஒரே கான்ஃபரன்ஸ்ல இருக்கான்னு பாருங்க. ஸ்கோபஸ் நிச்சயம்னு நடத்துறவங்க முன்கூட்டியே சொல்லவே முடியாது, சேக்கறதும் விடறதும் ஸ்கோபஸ் முடிவு. போன வருஷ ப்ரொசீடிங்ஸ் ஐட்ரிபிள்ஈ எக்ஸ்ப்ளோர்லயோ (அவங்களோட ஆன்லைன் பேப்பர் நூலகம்) ஸ்ப்ரிங்கர் பதிப்பகத்துலயோ நிஜமா இருக்கான்னு நீங்களே தேடுங்க. வட்டிக்கு வாங்கி பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுற வீடுகள் நம்ம பக்கம் எவ்வளவுன்னு தெரியும், அந்தப் பணம் இப்படிப் போறதைப் பாத்தா வயிறு எரியுது.

ஒர்க்‌ஷாப் நடத்த புரோபோசல் எழுதணும், எதையெல்லாம் எழுதணும்? (நாகப்பட்டினம்)

மேடம், யாருக்கு, எத்தனை பேருக்கு, அவங்களுக்கு முன்னாடியே என்ன தெரிஞ்சிருக்கணும், முடிச்சிட்டு போகும்போது கையில என்ன இருக்கும்னு எழுதுங்க. அப்புறம் அரைமணிக்கு அரைமணி என்ன நடக்கும்னு ஒரு திட்டம். லேப்டாப்ல எதை இன்ஸ்டால் பண்ணிட்டு வரணும்னு சொல்லலைன்னா முதல் ஒரு மணி நேரம் அதுலயே போயிடும்.

சாட்ஜிபிடி வச்சு எழுதலாமா? ரெஜிஸ்டர் பண்ணிட்டு போகாம இருந்தா என்ன ஆகும்? (பட்டுக்கோட்டை)

ஐட்ரிபிள்ஈல ஏஐ எழுதின பகுதி இருந்தா எந்த டூல், எந்தப் பகுதின்னு நன்றி சொல்ற இடத்துல குறிப்பிடணும், ஆத்தர் லிஸ்ட்ல அதைப் போட முடியாது. அது குடுக்குற ரெஃபரன்ஸ் ஒவ்வொண்ணையும் திறந்து பாருங்க, இல்லாத பேப்பரையெல்லாம் எழுதி வைக்கும். போகாம இருந்தா, காசு கட்டியிருந்தாலும் பேப்பரை எக்ஸ்ப்ளோர்ல போடாம விட அவங்களுக்கு உரிமை இருக்கு. உங்களால முடியலைன்னா கூட எழுதினவங்க ஒருத்தரை அனுப்புங்க, யாரு வர்றாங்கன்னு நடத்துறவங்களுக்கு முன்னாடியே மெயில் போட்டுடுங்க.