டிப்பர் தட்டிய தலைசுற்றுக்கு நட்டஈடு கிடைக்குமா?

கேள்வி: புதுக்குடியிருப்பில் மேசன் வேலை செய்கிறேன். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் டிப்பர் தட்டி மோட்டார் சைக்கிளோடு விழுந்து தலை அடிபட்டது. 20 மாதமாகிறது. ஸ்கானில் ஒன்றுமில்லை என்றார்கள். இன்றும் தலைசுற்று, சாரத்தில் ஏற முடியவில்லை. டிப்பர் முதலாளி ஆசுபத்திரிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை, மனைவியிடம் கேவலமாகப் பேசினார். காப்புறுதிக் கொம்பனி ஒரு சிறு தொகையைக் காட்டிக் கையொப்பம் கேட்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: அவர் பேசிய பேச்சுக்கு நீதிமன்றம் ஒரு சதமும் தராது. அதை விடுங்கள். உங்கள் கிளினிக் கொப்பியில் 'தலைசுற்று' முதன்முதல் எந்தத் திகதியில் எழுதப்பட்டிருக்கிறது? விழுந்து சில நாளில் என்றால் வழக்கு நிற்கும். ஒரு வருஷம் கழித்து என்றால் குறுக்கு விசாரணையில் 'இது பிரஷர்' என்று முடித்துவிடுவார்கள்.

ஸ்கானில் தெரியாதது வழக்கைக் கெடுக்காது. மூளை அதிர்ச்சி பெரும்பாலும் அதில் தெரிவதில்லை. ஈ.என்.ரி மருத்துவர் தலையைத் திருப்பிச் சட்டெனப் படுக்கவைத்துக் கண் துடிக்கிறதா (இமை இல்லை, கண்மணி தன்பாட்டில் வெட்டி வெட்டி அசைகிறதா) என்று பார்ப்பார். அந்தத் துடிப்பை நடிக்க ஏலாது.

கட்சிக்காரர் கெடுவது சமநிலைச் சோதனையில்தான். கண்ணை மூடி நில்லுங்கள் என்றதும், கூடக் காசு வரும் என்று வேண்டுமென்றே சாய்வார்கள். கடினமான நிலையில் சமாளித்தவர் சுலபமான நிலையில் விழுந்தால் மருத்துவர் அதைக் குறித்துக்கொள்வார். பிறகு உண்மையான வருத்தத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். தலைசுற்றுக் குளிசை போட்டுக்கொண்டு போனால் இருக்கிற கண் துடிப்பும் அடங்கிவிடலாம். எப்போது நிறுத்துவதென்று கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் மட்டும் போய் இறங்காதீர்கள். கொம்பனிக்கு அந்த ஒரு படம் போதும்.

இன்னொன்று. உள்காதுத் துகள் இடம் மாறியதால் வரும் சுற்றென்றால், மருத்துவர் தலையைத் திருப்பித் திருப்பிச் சில நிமிடத்திலேயே மாற்றிவிடக்கூடும். 'ஆயுள் முழுக்க வேலை செய்ய ஏலாது' என்று எழுதிய வழக்கு அன்றோடு சரி. அப்படியானால் இழந்த கூலியையும் வைத்தியச் செலவையும் கணக்குக் காட்டிக் கொம்பனியோடு முடித்துக்கொள்ளுங்கள். வழக்கு வேண்டாம்.

சோதனை முடிவு வரும்வரை 'முழு இறுதித் தீர்வு' என்ற கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். ஆனால் வழக்குப் போட 2 வருடம்தான். உங்களுக்கு 4 மாதம் மிச்சம். கொம்பனியோடு பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் காலம் நிற்காது. வழக்குப் போட முன்போ, போட்டு 7 நாளுக்குள்ளோ கொம்பனிக்கு அறிவித்தல் போகாவிட்டால், வென்ற தொகையை முதலாளியிடம்தான் அறவிட வேண்டிவரும். அவரிடம் இருப்பது டிப்பர் ஒன்று, அதுவும் அனேகமாக லீசிங்கில்.