லைட்டு பச்சை, கேமரா கருப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, மண்டபத்துல ஒரு இறால் கம்பெனில சிஸ்டம் பாக்குறேன். ஆபீஸ்ல ஒரு சிஸ்கோ ஸ்விட்ச், கடல் பக்கம் ஐஸ் பிளான்ட்ல இன்னொண்ணு, நடுவுல கேட்-6 கேபிள் இழுத்து ட்ரங்க் (பல நெட்வொர்க்கை ஒரே கம்பில கொண்டுபோற இணைப்பு) போட்டிருக்கு. ரெண்டு பக்கமும் லைட்டு பச்சையா எரியுது, ஆனா கேமரா விட்டு விட்டு வருது, பில்லிங்கும் திணறுது. ட்ரங்க் கான்ஃபிக்கை அழிச்சு அழிச்சுப் போட்டுப் பாத்துட்டேன், அதே கதைதான். என்ன பண்ண?

பதில்: தம்பி, கான்ஃபிக்ல இருந்து மொதல்ல கைய எடுங்க. வீலான் (ஸ்விட்ச்சுக்குள்ள தனித்தனியாப் பிரிச்சு வைக்குற நெட்வொர்க்) தப்பாப் போட்டிருந்தா அந்த வீலான் மட்டும் பெரும்பாலும் சுத்தமாப் போகாது, மத்தது நல்லா ஓடும். எல்லாமே விட்டு விட்டு வருதுன்னா எனக்குச் சந்தேகம் கம்பி மேலதான். லைட்டு பச்சையா எரியுறதை நம்பாதீங்க, லிங்க் இருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும், அதுல போற ஃபிரேம்ல (டேட்டா பொட்டலத்துல) எத்தனை கெட்டுப்போய் வருதுன்னு அதுக்குத் தெரியாது.

'கிளியர் கவுண்டர்ஸ்' அடிச்சு பழைய கணக்கை ஜீரோ பண்ணிருங்க, இல்லாட்டி எப்பவோ வந்த எரரைப் பாத்து இப்ப குழம்புவீங்க. அரைமணி நேரம் கேமரா ஓடட்டும், அப்புறம் ரெண்டு ஸ்விட்ச்லயும் 'ஷோ இன்டர்ஃபேசஸ்' பாருங்க. சிஆர்சி (கெட்டுப்போய் வந்த ஃபிரேம் கணக்கு) ஏறிக்கிட்டே போனா ஃபிரேம் வழியில சிதையுதுன்னு அர்த்தம். எரர் எப்பவும் வாங்குற பக்கம்தான் எண்ணப்படும், அதனால ஆபீஸ் ஸ்விட்ச்ல எண்ணிக்கை ஏறுதுன்னு ஆபீஸ் ஸ்விட்ச்சை மாத்திறாதீங்க, கேபிளும் அனுப்புற மறு கடைசியில இருக்குற போர்ட்டும்தான் மொதல் குற்றவாளி.

சிஆர்சி ஒரு பக்கம், லேட் கொலிஷன் (தாமதமா நடக்குற மோதல்) மறுபக்கம்னு இருந்தா அது வேற, டூப்ளெக்ஸ் சண்டை: ஒரு பக்கம் ஒரே நேரத்துல அனுப்பவும் வாங்கவும் செய்யும் (ஃபுல்), மறுபக்கம் ஒண்ணு முடிஞ்சாத்தான் இன்னொண்ணு (ஹாஃப்). யாரோ ஒரு பக்கம் 100 ஃபுல்னு கட்டி வச்சுட்டு மறுபக்கம் ஆட்டோல விட்டிருப்பாங்க, ஆட்டோ பக்கம் பேச ஆளில்லாம ஹாஃப்க்கு எறங்கிரும். ரெண்டையும் ஆட்டோல விடுங்க, போதும்.

டூப்ளெக்ஸ் சரியா இருந்தா ஐஸ் பிளான்ட் பக்கத்து ஆர்ஜே-45 பின்னைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. அந்த எட்டு தகடுல ஒண்ணு ரெண்டு பச்சை பூத்து, ஓரத்துல வெள்ளையா உப்புப் பொரிஞ்சிருந்தா வேற விசாரணையே வேண்டாம். பாம்பன் ரயில் பாலத்து இரும்பையே அரிச்ச காத்து இது, தகடு மேல இருக்குற மெல்லிசான தங்க முலாம் எம்மாத்திரம். தொடைச்சு மறுபடி சொருகுனா ரெண்டு நாளைக்கு ஓடும், திரும்பப் படுத்துக்கும், அதனால வெட்டிப் போட்டுட்டுப் புதுப் பின்னை கிரிம்ப் பண்ணுங்க (அழுத்திப் பொருத்துங்க). அப்படியே கேபிளை உரிச்சு உள்ள நெசமாவே செம்பா, இல்ல செம்பு முலாம் பூசுன அலுமினியமான்னு சொரண்டிப் பாத்துருங்க, வெள்ளையா இருந்தா அது நம்ம ஊருக்கு ஆகாது. நீளமும் 100 மீட்டருக்குள்ள இருக்கணும்.

முதலாளிகிட்ட கேட்டு வாங்க முடியும்னா கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபரே போட்டுருங்கன்னுதான் நான் சொல்வேன். உப்பு ஒரு காரணம், ஐப்பசி கார்த்திகைல இடி இறங்குனா செம்புக் கம்பி வழியா ரெண்டு ஸ்விட்ச்சும் சேர்ந்து போறது இன்னொரு காரணம். ஆனா ரெண்டு பக்கமும் எஸ்எஃப்பி (ஃபைபரைச் சொருகுற மாடியூல்) ஒரே வகையா இருக்கணும், சிங்கிள் மோடு மாடியூலை மல்ட்டி மோடு கூட ஜோடி சேர்த்துட்டு அடுத்த மாசம் எனக்கு எழுதாதீங்க.

கேள்வி: ராமேஸ்வரத்துல லாட்ஜ் நெட்வொர்க். எரர் கவுண்டர் எல்லாம் ஜீரோ, ஆனா 'நேட்டிவ் வீலான் மிஸ்மேட்ச்'னு லாக்ல வந்துக்கிட்டே இருக்கு, கெஸ்ட் வைஃபையும் போகல.

பதில்: உங்க கம்பி சுத்தம், கோளாறு கமாண்ட்லதான். ட்ரங்க்ல போற ஃபிரேமுக்கு 802.1க்யூ முறைப்படி எந்த வீலான்னு சொல்ற 4 பைட் டேக் ஒட்டும், நேட்டிவ் வீலானுக்கு மட்டும் ஒட்டாது. ஒரு பக்கம் 1, மறுபக்கம் 99ன்னு வச்சா, இங்க 1ல கிளம்புனது அங்க 99ல போய் உக்காந்துக்கும். ஸ்பேனிங் ட்ரீ (ஃபிரேம் வளையத்துல சுத்தாமப் பாத்துக்குற ஏற்பாடு) இதைக் கண்டுபிடிச்சு அந்த வீலான்களை மட்டும் அந்த போர்ட்ல அடைச்சும் வைக்கும், கெஸ்ட் வைஃபை அந்த ரெண்டுல ஒண்ணா இருந்தா படுத்ததுக்குக் காரணம் அதுதான். ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் போடுங்க. அப்பவும் வரலைன்னா 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' அடிச்சு கெஸ்ட் வீலான் ரெண்டு பக்கமும் அலவ்டு லிஸ்ட்ல (ட்ரங்க்ல போக அனுமதிச்ச வீலான் பட்டியல்ல) இருக்கா, ரெண்டு ஸ்விட்ச்லயும் அந்த வீலானை உருவாக்கியிருக்கான்னு பாருங்க. நடுவுல இருக்குற ஸ்விட்ச்ல உருவாக்க மறந்துட்டு ரெண்டு கோடியையும் நோண்டுறவங்கதான் ஜாஸ்தி.

கேள்வி: கீழக்கரைல காக்காவோட (அண்ணனோட) சூப்பர் மார்க்கெட். புதுசா வீலான் 30 சேத்தேன், அது வந்துருச்சு, மத்த எல்லாம் படுத்துருச்சு!

பதில்: 'அலவ்டு வீலான் 30'னு அடிச்சிருப்பீங்க. நடுவுல 'ஆட்' போடாட்டி ஸ்விட்ச் பழைய லிஸ்ட்டைத் தூக்கிக் கடாசிட்டு 30ஐ மட்டும் வச்சுக்கும். பழைய நம்பர் எல்லாத்தையும் 'ஆட்' போட்டுத் திருப்பிச் சேருங்க. மேனேஜ்மென்ட் வீலானும் (ஸ்விட்ச்சுக்கு லாகின் ஆகுற வீலான்) அந்த லிஸ்ட்லதான் இருந்துச்சுன்னா தூரத்து ஸ்விட்ச்க்கு இங்க இருந்து லாகின் ஆகாது, ஆனா இந்தப் பக்கம் அடிச்ச கமாண்டுன்னா இந்தப் பக்கமே சரி பண்ணிக்கலாம், அந்தப் பக்கம் அடிச்சதுன்னா கன்சோல் கேபிளை (ஸ்விட்ச்ல நேரடியா சொருகி கமாண்ட் அடிக்குற கம்பி) எடுத்துக்கிட்டு நேர்ல போங்க.