கேஸ் தோங் – ஒரு கடிதம்

ஐயா வணக்கம்,
விலைவாசி ஏறியதிலிருந்து எங்கள் பக்கம் வாராவாரம் ஏதாவது ஓர் அமைப்பு அரிசிப் பை கொடுக்கிறது. கூடவே போட்டோ. இது அரசாங்கத்தின் வேலை இல்லையா? இவர்கள் செய்யச் செய்ய அரசாங்கம் கையைக் கட்டிக்கொள்ளாதா?
– ஒரு வாசகர், கிள்ளான், மலேசியா

வணக்கம்.
அரசாங்கத்தின் வேலைதான், அதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் அரசாங்கப் பணம் பட்டியலைப் பார்த்து வருகிறது. குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் பாட்டி அந்தப் பட்டியலில் கிடையாது.

2021-இல், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு நீண்டுகொண்டே போன சமயம், உதவி தேவைப்படுகிறவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள் என்று ஒரு பேச்சு பரவியது. கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக்கு ஒரு சின்னக் குழுவோடு நானும் பை தூக்கப் போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. பதினோராவது மாடி. பையில் ஐந்து கிலோ அரிசி, மீகூன், சார்டின், ஒரு கிலோ எண்ணெய் பாக்கெட். கதவைத் திறந்த அக்கா வாங்கி ஓரமாக வைத்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு அரிசிப் பைகள்.

“அரிசி இருக்கு தம்பி. கேஸ் முடிஞ்சி நாலு நாளாச்சி.”

சோறு கரண்ட் குக்கரில் வெந்துவிடும். சார்டினை டின்னிலிருந்து அப்படியே பிசைந்து பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறார். 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) அப்போது கட்டுப்பாட்டு விலையில் 26 வெள்ளி 60 காசு. எங்கள் பட்டியலிலும் அது இல்லை! குழுத் தலைவி படியில் நின்றபடியே கேஸ் கடைக்குப் போன் போட்டார். மறுநாளிலிருந்து பை கட்டுவதற்கு முன்பே வீட்டுக்கு வீடு கேட்டு எழுத ஒரு நோட்டு வந்துவிட்டது. அமைச்சு இப்படிப் படிக்கட்டில் நின்று பட்டியலை மாற்றாது. மாற்ற முடியாது என்பதே நியாயமான பேச்சு.

அப்புறம், கையைக் கட்டிக்கொள்வது. 2014-இல் கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் வட்டாரத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் வீடில்லாதவர்களுக்குத் தெருவில் சோறு போடக்கூடாது என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சரே அறிவித்தார். பெரிய சண்டையானது. அதுவரை நடைபாதையில் படுத்திருந்தவர்களைப் பற்றி பத்திரிகைகள் அவ்வளவு எழுதியதில்லை. பிற்பாடு மேடான் துவாங்கூவில் மாநகர் மன்றமே அவர்கள் தங்க ஓர் இடம் திறந்தது. எல்லாம் அந்தச் சோற்றால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோறு போட்டவர்கள் இல்லையென்றால் சண்டையே வந்திருக்காது.

போட்டோ விஷயத்தில் உங்கள் எரிச்சல் சரி. பையைப் படம் எடுக்கட்டும், முகம் எதற்கு?

அடுத்த வாரம் அவர்கள் வந்தால் நீங்களே கேட்டுப் பாருங்கள், யார் வீட்டிலாவது கேஸ் இருக்கிறதா என்று விசாரித்தார்களா என்று.