மலாகாவில் எல்லோரும் சாப்பிடச் சொல்லும் 'எஸ்பெத்தோ' என்பது என்ன? எங்கே கிடைக்கும்?

ஸ்பெயினின் தென்கரை நகரமான மலாகாவில், மத்தி மீன்களை நாணல் குச்சியில் வரிசையாகக் கோத்து விறகு நெருப்பருகே சுடுவார்கள். அதுதான் எஸ்பெத்தோ. கல் உப்பு மட்டும்தான், மசாலா கிடையாது.

குச்சியை நெருப்புக்கு மேலே வைப்பதில்லை. மணல் நிரப்பிய பழைய படகில் தீ மூட்டி, காற்று வரும் பக்கமாகக் குச்சியைச் சாய்த்துக் குத்தி நிறுத்துவார்கள். புகை மறுபக்கம் போய்விடும், மீனுக்குச் சூடு மட்டும் கிடைக்கும். புகை கண்ணைக் கரிக்காத பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து குளிர்காய்வோமே, அதே கணக்கு. குச்சி நடுமுள்ளுக்குக் கீழே நுழைய வேண்டும். இல்லையென்றால் சதை வெந்ததும் மீன் கழன்று விழுந்துவிடும்.

மே முதல் ஆகஸ்ட் வரைதான் இதற்குப் பருவம். அப்போது மத்தியில் கொழுப்பு ஏறியிருக்கும். சுடும்போது தோல் மொறுமொறுவென்று, உள்ளே ஈரம் காயாமல் வரும். கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள், முள்கரண்டியால் அந்தச் சுகம் வராது.

பெத்ரெகலேஹோ, எல் பாலோ ஆகிய பழைய மீனவர் பகுதிகளின் கடற்கரைக் கடைகளுக்குப் போங்கள். அப்புறம் நகருக்குள் 1840-இல் தொடங்கிய 'அந்திகுவா காசா தே குவார்தியா' என்ற ஒயின் கடைக்கும் போங்கள். பீப்பாயிலிருந்து இனிப்பு ஒயினைப் பிடித்துக் கொடுத்து, கணக்கை உங்கள் முன்னால் மரமேடையிலேயே சாக்பீஸால் எழுதுவார்கள். என்னைக் கேட்டால், இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும்.

எஸ்பெத்தோவைப் புகையூட்டிய மீன் என்று நினைத்துவிடாதீர்கள்; அது நெருப்பின் சூட்டில் சுடப்படும் மீன்.